லாரி வாரண்டி முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே இன்ஜெக்டரை செக் பண்ணிடுங்க

புதுசா லாரி எடுத்து ஓட்டுற தம்பிமாருக்கும், ஒண்ணு ரெண்டு வண்டிய வச்சுக்கிட்டு டெலிவரி, சப்கான்ட்ராக்ட்னு ஓடிக்கிட்டு இருக்குறவங்களுக்கும்தான் இதை எழுதுறேன். சிங்கப்பூர்ல பாசிர் பாஞ்சாங் ஹோல்சேல் சென்டர்லேர்ந்து காய்கறி ஏத்தி கடைகடையா இறக்குற வேலை எனக்கு, பதினாலு அடி லாரி, விடியக்காலை மூணு மணிக்கு ஸ்டார்ட் பண்ணணும், அந்த நேரத்துல வண்டி கிளம்பலன்னா அன்னைக்கு சரக்கும் போச்சு, கஸ்டமரும் போச்சு. முதல் லாரியில, என்ஜினுக்குள்ள டீசலைத் தூவுற இன்ஜெக்டர் விஷயத்துல எனக்கு ஒரு பெரிய நஷ்டம் ஆச்சு, அது வேற யாருக்கும் ஆகக் கூடாதுன்னுதான் ஒண்ணு விடாம சொல்றேன்.

நடந்தது இதுதான். வாரண்டி முடிய ஒரு மாசத்துக்கு மேல இருக்கும்போதே காலையில ஸ்டார்ட் பண்ணா வெள்ளைப் புகை, ஐடில்ல, அதாவது வண்டி நின்னுக்கிட்டு என்ஜின் மட்டும் ஓடும்போது, ஒரு நடுக்கம். வண்டிய வித்த கம்பெனி ஏஜென்ட்கிட்ட சர்வீஸுக்கு விட்டப்ப வாயால சொன்னேன். அங்க இருந்தவர் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு "நார்மல்தான், கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க"ன்னாரு. நானும் நம்பி எடுத்துட்டு வந்துட்டேன். என்ன வேலை பண்ணாங்கன்னு எழுதுற ஜாப் ஷீட்ல ஆயில் மாத்துனது, ஃபில்டர் மாத்துனது மட்டும்தான் இருந்துச்சு, நான் சொன்ன புகார் ஒரு வரி கூட இல்ல. வாரண்டி முடிஞ்சு மூணாவது வாரம் வண்டி பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல இழுக்க மாட்டேங்குது, என்ஜின் லைட் எரியுது. போய்க் கேட்டா "முன்னாடி சொன்னதுக்கு ரெக்கார்டே இல்லையே"ங்குறாங்க. நாலு இன்ஜெக்டரும் கைக்காசு போட்டு மாத்துனேன், அந்த மாச வருமானம் மொத்தமும் அதுக்கே சரியாப் போச்சு. வாய்ல சொன்னது நீர் மேல எழுத்துதான், இதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மீதியப் படிங்க.

முதல்ல இன்ஜெக்டர்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடறேன், இது புரிஞ்சாத்தான் ஏன் இவ்ளோ பயப்படணும்னு புரியும். இப்ப ரோட்டுல ஓடுற ஈசுசு, ஹீனோ, ஃபூசோ, டைனா எல்லாமே காமன் ரெயில் டீசல். பம்ப் டீசலை அழுத்தி ஒரு தடிச்ச குழாய்ல நிரப்பி வைக்கும், அதுக்குப் பேருதான் ரெயில். அதுலேர்ந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர். என்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர் சொல்ற நேரத்துக்கு சொல்ற அளவு டீசலைப் பனி மாதிரித் தூவுறதுதான் அதோட வேலை. உங்க லாரி டயர்ல காத்து 6 பார் சொச்சம் இருக்கும். இந்த ரெயில்ல சும்மா ஐடில்லயே 300 பார் பக்கம் இருக்கும், லோடு ஏத்திக்கிட்டு மேம்பாலம் ஏறும்போது 1,600, சில என்ஜின்ல 2,000 பார் வரைக்கும் போகும். என்ஜின் 2,000 ஆர்பிஎம்ல ஓடுனா ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிஷத்துக்கு 1,000 தடவை டீசல் அடிக்குது, அதுவும் ஒவ்வொரு தடவையும் சின்னதா ஒண்ணு, பெருசா ஒண்ணுன்னு பிரிச்சுப் பிரிச்சு அடிக்குது. உள்ள இருக்குற பாகங்களுக்கு நடுவுல இடைவெளி சில மைக்ரான்தான், தலைமுடியே 70 மைக்ரான் பக்கம்னா பாத்துக்கோங்க. அதனால டீசல்ல கொஞ்சம் தண்ணி, கொஞ்சம் தூசு வந்தாக்கூட அதுக்குத் தாங்காது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, வாரண்டி உண்மையில என்னைக்கு முடியுதுன்னு கணக்குப் போடுங்க. நிறையப் பேரு "மூணு வருஷம் இருக்கு"ன்னு அலட்சியமா இருக்காங்க. வாரண்டி புக்கை எடுத்துப் பாருங்க, வருஷமும் கிலோமீட்டரும் ரெண்டும் போட்டிருக்கும், எது முன்னாடி வருதோ அதுதான் கணக்கு. உங்க புக்ல 3 வருஷம் அல்லது 1,00,000 கிலோமீட்டர்னு இருக்குன்னு வைங்க. ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர், மாசத்துக்கு 26 நாள் ஓடுனா மாசம் 3,900 ஆச்சு, அப்ப 26 மாசத்துலயே வாரண்டி காலி, மூணு வருஷம்னு நீங்க நெனச்சுக்கிட்டு இருக்குறதுல பத்து மாசம் காத்துல போயிடும். தேதி எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னும் பாருங்க, பதிவு பண்ண தேதியா, வண்டி கையில வந்த தேதியான்னு புக்லயே இருக்கும், பதிவு தேதி எல்டிஏ (தரைப் போக்குவரத்து ஆணையம்) குடுக்குற வண்டி லாக் கார்டுல இருக்கு. கணக்குப் போட்ட தேதிக்கு மூணு மாசம் முன்னாடி, இல்லன்னா 10,000 கிலோமீட்டர் முன்னாடி செக்கப்பை ஆரம்பிச்சுடுங்க. ஏன் மூணு மாசம்னா, ஏஜென்ட்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கிடைக்கணும், அவங்க "ஓட்டிப் பாத்துட்டு வாங்க"ன்னா திரும்பப் போகணும், பார்ட்ஸ் வரணும், இதெல்லாம் ஒரு வாரத்துல நடக்குற காரியம் இல்ல.

புக்கைக் கையில எடுத்ததும் கையோட இன்னும் மூணு விஷயம் பாத்துடுங்க. இன்ஜெக்டர் எந்தப் பிரிவுல வருது, என்ஜின் பாகங்களோட சேர்த்திருக்காங்களா, இல்ல தேயுற பொருள்னு பிரேக் பேடு கூடத் தள்ளி வச்சிருக்காங்களா. கெட்ட டீசல்னால வந்த கோளாறு பத்தி என்ன எழுதியிருக்கு, அநேகமா அது வாரண்டியில சேராதுன்னுதான் இருக்கும். சர்வீஸ் எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை பண்ணியிருக்கணும், ஸ்டாம்ப் எல்லாம் இருக்கா. ஒரு சர்வீஸ் விட்டுப் போயிருந்தாக் கூட அதையே சொல்லித் தட்டிக் கழிப்பாங்க. வண்டி வாடகைக்கு எடுத்ததுன்னா வாரண்டி கிளைம் பண்ண வேண்டியது அந்தக் கம்பெனி, நீங்க அவங்களுக்கு எழுத்துல சொல்லணும், அவ்ளோதான்.

இன்னொண்ணு, சேஸிஸ் நம்பரைச் சொல்லி, இந்த மாடலுக்கு ரீகால், அதாவது கோளாறுன்னு கம்பெனியே திரும்பக் கூப்பிட்டுச் சரி பண்றது, இருக்கா, இன்ஜெக்டருக்குத் தனியா வாரண்டி நீட்டிப்பு குடுத்திருக்காங்களான்னு ஏஜென்ட்கிட்ட கேளுங்க. இப்படி நடக்குறது உண்டு. அமெரிக்காவுல 2001லேர்ந்து 2004 வரைக்கும் வந்த ஜெனரல் மோட்டார்ஸ் டியூராமேக்ஸ் 6.6 லிட்டர் டீசல்ல இன்ஜெக்டர் கோளாறு நிறைய வந்து, கடைசியில அந்தக் கம்பெனியே இன்ஜெக்டருக்கு மட்டும் 7 வருஷம் அல்லது 2,00,000 மைல்னு வாரண்டிய நீட்டிச்சாங்க. அந்த என்ஜின்ல இன்ஜெக்டர் வால்வு கவருக்குள்ள இருக்கும், லீக் ஆனா டீசல் நேரா என்ஜின் ஆயில்ல போய்ச் சேரும், வெளிய ஒரு சொட்டு கூடத் தெரியாது. விஷயம் தெரிஞ்சு கேட்டவங்களுக்குக் காசு மிச்சம், தெரியாதவங்க கையிலேர்ந்து போட்டாங்க.

அடுத்தது, ரெண்டு வாரம் ஒரு நோட்டு போடுங்க. இதுக்கு டூல்ஸும் வேணாம், மெக்கானிக்கும் வேணாம், உங்க கண்ணு, காது, மூக்கு போதும்.

காலையில முதல் ஸ்டார்ட்தான் ரொம்ப முக்கியம். ராத்திரி முழுக்க நின்ன வண்டி எப்படி எழுந்திரிக்குதுன்னு பாருங்க. சாவியத் திருப்புனதுலேர்ந்து என்ஜின் பிடிக்குற வரைக்கும் எத்தனை செகண்டு, ஃபோன்ல வீடியோ எடுங்க, டாஷ்போர்டுல கிலோமீட்டர் தெரியற மாதிரி ஆரம்பிச்சு அப்படியே பின்னாடி நடந்து போய் எக்ஸாஸ்டைக் காட்டுங்க. வெள்ளைப் புகையா வந்து கண்ணு எரியற மாதிரி பச்சை டீசல் வாடை அடிச்சா, டீசல் எரியாமலே வெளிய வருதுன்னு அர்த்தம், இன்ஜெக்டர் சொட்டலாம், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி சிலிண்டரைச் சூடாக்குற கிளோ பிளக் வேலை செய்யாம இருக்கலாம், சிலிண்டருக்குள்ள காத்தை அழுத்துற கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கலாம். லோடுல கறுப்புப் புகை வந்தா டீசல் அதிகமாப் போகுது, இல்ல காத்து போதலை. நீலப் புகைன்னா அது ஆயில், வேற கதை. ஆனா யூரோ 6ங்குற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில, அதாவது 2018லேர்ந்து இங்க புதுசாப் பதிவான டீசல் வண்டியில, எக்ஸாஸ்ட்ல இருக்குற டிபிஎஃப் ஃபில்டர் புகைக் கரிய உள்ளயே பிடிச்சு வச்சுக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதுக்குப் பதிலா ரீஜென், அதாவது அந்த ஃபில்டர் சேந்த கரிய எரிச்சுத் தன்னைச் சுத்தம் பண்ணிக்குறது, அடிக்கடி வரும். முன்னாடி நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை வந்தது இப்ப தினம் வருதுன்னா அதை நோட்டுல எழுதுங்க, அது பெரிய சாட்சி.

சத்தத்தையும் கவனிங்க. ஐடில்ல "டக் டக் டக்"னு ஒரே தாளத்துல ஒரு தட்டல் தனியாக் கேட்டா ஒரு இன்ஜெக்டர் அளவுக்கு மேல அடிக்குதுன்னு சந்தேகப்படலாம். "சுஃப் சுஃப்"னு காத்து பிரியற மாதிரி கேட்டா இன்ஜெக்டருக்கு அடியில இருக்குற காப்பர் வாஷர் விட்டிருக்கும், கேபினைச் சாய்ச்சுப் பாத்தீங்கன்னா அந்த இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கறுப்பா கெட்டியா ஒட்டியிருக்கும். ஆரம்பத்துல இது சின்ன வேலைதான், விட்டுட்டா அந்தத் தாரு இறுகி இன்ஜெக்டரை வெளிய எடுக்கவே முடியாமப் போயிடும்.

டீசல் கணக்கு. டேங்க் ஃபுல் பண்ணி ட்ரிப் மீட்டரை ஜீரோ ஆக்குங்க, அடுத்த தடவை அதே பம்ப்ல ஃபுல் பண்ணி எத்தனை லிட்டர் பிடிச்சுதுன்னு பாருங்க. 420 கிலோமீட்டருக்கு 56 லிட்டர்னா லிட்டருக்கு 7.5. அதே ரூட்டு, அதே லோடு, இப்ப 64 லிட்டர் கேக்குதுன்னா 6.5 பக்கம் வந்துடுச்சு, எங்கயோ தப்பு நடக்குது. டீசலுக்கு வரியே லிட்டருக்கு 20 காசு இருக்குற ஊர்ல இந்தக் கணக்கைப் போடாம எப்படி வண்டி ஓட்ட முடியும். ரசீதை எல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க, இது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

இப்ப டிப்ஸ்டிக், என்ஜின் ஆயில் அளவு பாக்குற குச்சி. இதைத்தான் யாரும் செய்யறதில்ல, ஆனா இதுதான் என்ஜினையே காப்பாத்தும். ஆயில் குறைஞ்சா எல்லாரும் பதறுவாங்க, ஆயில் ஏறுனா யாருக்கும் உறைக்காது. சமதளத்துல, என்ஜின் ஆறுனதும், டிப்ஸ்டிக்கை உருவித் துடைச்சுத் திரும்ப விட்டு எடுத்துப் பாருங்க. போன வாரம் ஃபுல் கோட்டுக்கு அரை விரல் கீழ இருந்தது இப்ப கோட்டைத் தாண்டி நிக்குதுன்னா ஆயில்ல டீசல் கலக்குது. மோந்து பாத்தாலே தெரியும். வெள்ளை டிஷ்யூல ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைங்க, நல்ல ஆயில்னா ஒரு கறுப்பு வட்டமா நிக்கும், டீசல் கலந்திருந்தா அந்த வட்டத்தைச் சுத்தி வெளிறுன ஈரம் அகலமாப் பரவும். ஒரு விஷயம் மட்டும் நியாயமாச் சொல்லணும், டிபிஎஃப் வண்டியில ரீஜென் பாதியிலயே நின்னு நின்னு போனாலும் ஆயில்ல டீசல் சேரும், அதனால ஆயில் ஏறுனதை மட்டும் வச்சு இன்ஜெக்டர்தான்னு முடிவு கட்டாதீங்க. ஆனா ஏறுன ஆயிலோட ஓட்டாதீங்க, மெலிஞ்சு போன ஆயில் பேரிங்கைத் தின்னுடும்.

இதோட சேர்த்து, இன்ஜெக்டர் மேல பழி போடறதுக்கு முன்னாடி சின்னச் சின்ன விஷயத்தை முடிச்சுடுங்க, இல்லன்னா ஏஜென்ட் முதல் கேள்வியிலயே உங்களை மடக்கிடுவாங்க. ஏர் ஃபில்டர் சுத்தமா, பேட்டரி நல்லாச் சுத்துதா, டீசல் ஃபில்டர் டைமுக்கு மாத்தியாச்சா. டீசல்லேர்ந்து தண்ணியப் பிரிக்குற வாட்டர் செபரேட்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கும், அதைக் கொஞ்சமாத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டில்ல பிடிங்க. டீசல் மேல மிதக்கும், தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும், பாத்தவுடனே தெரியும். நம்ம ஊரு ஈரக் காத்துக்கு எப்பவும் அரை டேங்க்லயே ஓட்டுற வண்டியில தண்ணி சேரத்தான் செய்யும், ராத்திரி நிறுத்தறதுக்கு முன்னாடி டேங்கை நிரப்பிட்டா அது குறையும். பிடிச்ச டீசலைச் சாக்கடையில ஊத்தாதீங்க, ஒர்க்‌ஷாப்ல குடுத்துடுங்க, அவங்க கழிவு ஆயிலோட சேர்த்து அனுப்பிடுவாங்க.

அதே மாதிரி வண்டிய எடுக்குற ஒவ்வொரு டிரைவர்கிட்டயும் கேளுங்க, புகையைச் சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்துற ஆட்ப்ளூவைத் தப்பி டீசல் டேங்க்ல ஊத்துனாங்களா, பெட்ரோல் அடிச்சாங்களான்னு. திட்டாமக் கேளுங்க, திட்டுனா ஒளிப்பாங்க. ஊர்லேர்ந்து புதுசா வந்த தம்பி ஒருத்தன் எங்கிட்ட வந்து "அண்ணே, நீல மூடி எதுக்கு, கறுப்பு மூடி எதுக்கு"ன்னு முதல் நாளே கேட்டான், அந்தக் கேள்விக்கே அவனை எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஆட்ப்ளூ டீசல்ல கலந்துட்டா சாவியே போடக் கூடாது, ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணி டேங்கைக் கழுவணும், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா பம்ப்லேர்ந்து இன்ஜெக்டர் வரைக்கும் எல்லாம் உப்புப் படிஞ்சு போயிடும், அதுக்கு எந்த வாரண்டியும் வராது.

செய்யவே கூடாத ஒண்ணு இருக்கு, இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. பழைய மெக்கானிக்குங்க என்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொண்ணாத் தளர்த்தி எந்த சிலிண்டர் வேலை செய்யலைன்னு கண்டுபிடிப்பாங்க. பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்ல அது நடந்துச்சு. காமன் ரெயில்ல அதைத் தொடவே தொடாதீங்க. ஊசி முனை அளவு ஓட்டைலேர்ந்து வர்ற டீசல் கையைக் கத்தி மாதிரிக் குத்தி உள்ள போயிடும், க்ளவ்ஸ் எல்லாம் தாங்காது. வெளிய பாத்தா ஒரு சின்னப் புள்ளி, வலி கூட முதல்ல இருக்காது, ஆனா உள்ள சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி யாருக்காவது ஆச்சுன்னா பக்கத்து கிளினிக்குக்குப் போய் பிளாஸ்டர் போட்டுக்கிட்டு வராதீங்க, நேரா பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு (ஏ அண்ட் இ), அங்க "ஹை பிரஷர் டீசல் உள்ள போயிடுச்சு"ன்னு அதே வார்த்தையில சொல்லுங்க. லீக் தேடுறேன்னு பைப் மேல கையை வச்சுத் தடவவும் வேணாம்.

வாரண்டியைக் காப்பாத்தணும்னா வெளி ஒர்க்‌ஷாப்ல இன்ஜெக்டரைக் கழட்ட விடாதீங்க, என்ஜின் கம்ப்யூட்டர்ல பதிவாகுற கோளாறு கோடு நம்பரை அழிக்க விடாதீங்க. அழிச்சுட்டா எத்தனையாவது கிலோமீட்டர்ல கோளாறு வந்துதுங்குற ஆதாரம் போயிடும். இன்ஜெக்டர் கிளீனர் பாட்டில் வாங்கி ஊத்தறதையும் இந்த ரெண்டு வாரம் நிறுத்தி வைங்க.

ஆனா ஸ்கேன் பண்ணிப் பாக்குறதுல தப்பில்ல, அது கம்ப்யூட்டர்ல இருக்குறதைப் படிக்கிற வேலைதான். காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் லாரி ஸ்கேனர் வச்சிருக்குற ஒர்க்‌ஷாப் இருக்கு, "ரீட் மட்டும் பண்ணுங்க, கிளியர் பண்ணாதீங்க"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. என்ஜின் நல்லா சூடானதும், ஏர்கான் ஆஃப் பண்ணி, ஐடில்ல பாக்கணும். இதையெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குள்ளயே வச்சுக்கோங்க, கார்பார்க்ல வண்டிய நிறுத்திட்டு என்ஜினை ஓட விட்டா இங்க அபராதம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

ஸ்கேனர்ல மூணு விஷயம் கேளுங்க. முதல்ல கோளாறு கோடு நம்பர். பி 0201லேர்ந்து பி 0204 வரைக்கும் வந்தா இன்ஜெக்டரோட கரண்ட் சர்க்யூட்ல கோளாறு, கடைசி நம்பர்தான் எந்த சிலிண்டர்னு சொல்லும், வயர் எலி கடிச்சிருந்தாலும் இதே கோடுதான். பி 0087னா ரெயில்ல பிரஷர் போதலை, அடைஞ்ச ஃபில்டர், பம்ப், லீக் ஆகுற இன்ஜெக்டர், எதுவா வேணா இருக்கலாம். ரெண்டாவது ரெயில் பிரஷர், கம்ப்யூட்டர் கேக்குறது எவ்ளோ, உண்மையில இருக்கறது எவ்ளோன்னு ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஐடில்ல ரெண்டும் ஒட்டிப் போகணும், கேக்குறது ஒண்ணு இருக்கறது ஒண்ணுன்னு தாவிக்கிட்டே இருந்தா கோளாறு.

மூணாவதுதான் இதுல சாறு, இன்ஜெக்டர் கரெக்‌ஷன். நாலு சிலிண்டரும் ஒரே பலத்தோட தள்ளணும்னு கம்ப்யூட்டர் பாக்குது, எது மெதுவாத் தள்ளுதோ அதுக்குக் கொஞ்சம் டீசல் கூட்டும், எது வேகமாத் தள்ளுதோ அதுக்குக் குறைக்கும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் ஸ்கிரீன்ல ப்ளஸ் மைனஸா தெரியும். சும்மா உதாரணத்துக்கு, மூணு சிலிண்டர் 0.3, 0.5ன்னு பூஜ்யத்தை ஒட்டி ஆடிக்கிட்டு இருக்கும்போது ஒண்ணு மட்டும் ப்ளஸ் 3.8ல போய் நிக்குதுன்னா, அந்த சிலிண்டர் சோர்ந்து போயிருக்கு, கம்ப்யூட்டர் அதுக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருக்கு. முட்டுக் குடுக்குற வரைக்கும் உங்களுக்கு எதுவும் தெரியாது, லைட்டும் எரியாது. வாரண்டி முடியுறப்ப இந்த நம்பரைப் பாக்கணும்னு நான் அடிச்சுக்கறது இதுக்குத்தான். எவ்ளோ வரைக்கும் போகலாம்ங்குறது என்ஜினுக்கு என்ஜின் மாறும், அதனால கம்பெனி லிமிட் என்னன்னு ஏஜென்ட்கிட்ட கேட்டு அதையும் எழுதி வைங்க. கம்ப்ரஷன் குறைஞ்சாலும் இதே ப்ளஸ்தான் காட்டும், ரெண்டையும் பிரிச்சுச் சொல்லக் கம்ப்ரஷன் டெஸ்ட் வேணும். ஸ்கிரீனை ஃபோட்டோ எடுங்க, பக்கத்துலயே ஓடோமீட்டரையும் ஒரு ஃபோட்டோ.

அப்புறம் ரிட்டர்ன் டெஸ்ட். இதுக்கு ரிட்டர்ன் பைப்பைக் கழட்டணும்ங்கறதால வாரண்டி இருக்குற வரைக்கும் ஏஜென்ட்டையே பண்ணச் சொல்லுங்க, பேரைச் சொல்லிக் கேளுங்க, கேட்டாத்தான் பண்ணுவாங்க. இன்ஜெக்டருக்குப் போற டீசல்ல கொஞ்சம் உள்ள கட்டுப்பாட்டு வேலைக்குப் பயன்பட்டுத் திரும்ப டேங்குக்கே போகும். உள்ள தேய்ஞ்சு போச்சுன்னா திரும்புற டீசல் அதிகமாகும், ரெயில்ல பிரஷர் நிக்காது. என் பழைய வண்டிக்கு இதை வெளிய ஒரு சீன அங்கிள்தான் பண்ணுனாரு. நாலு கண்ணாடி ட்யூப், ஒவ்வொண்ணுலயும் கோடு போட்டிருக்கு, ஒரு கம்பியில வரிசையாத் தொங்க விட்டு நாலு இன்ஜெக்டர் ரிட்டர்ன்லயும் சொருகிட்டு ஸ்டார்ட் பண்ணுனாரு. முதல் அரை நிமிஷம் ஒண்ணும் தெரியலை. அப்புறம் ரெண்டாவது, நாலாவது ட்யூப் அடியில கொஞ்சமா நனைஞ்சுக்கிட்டு இருக்கு, முதல் ட்யூப் அதை விடக் கொஞ்சம் கூட, மூணாவது ட்யூப்ல மட்டும் டீசல் சொட்டாம நூலா ஓடுது. ரெண்டு நிமிஷத்துல மத்ததெல்லாம் கால்வாசி வர்றதுக்குள்ள அது முக்கால்வாசிக்கு வந்துடுச்சு. அங்கிள் விரலால அந்த ட்யூபைத் தட்டி "இனி ரோசாக் லா"ன்னாரு, மலாய்ல இது கெட்டுப் போச்சுன்னு அர்த்தம். அஞ்சே நிமிஷ வேலை. இதை ரெண்டு மாசம் முன்னாடி ஏஜென்ட்கிட்ட கேட்டு வாங்கியிருந்தா எனக்கு அந்தச் செலவே இல்ல. பியெஸோங்குற வேற வகை இன்ஜெக்டர் போட்ட என்ஜினா இருந்தா ரிட்டர்ன் லைன்லயே கொஞ்சம் பிரஷர் வச்சிருப்பாங்க, அதுக்கு இந்தச் சாதா ட்யூப் டெஸ்ட் சரிப்படாது, கம்பெனி முறைப்படிதான் பாக்கணும்.

இப்ப ஏஜென்ட்கிட்ட போற நாள். போறதுக்கு முன்னாடியே ஈமெயில் ஒண்ணு போடுங்க, இங்கிலீஷ் பெருசா வேணாம், வண்டி நம்பர், கிலோமீட்டர், என்னைக்குலேர்ந்து, என்ன நடக்குது, வீடியோ, ஃபோட்டோ, அவ்ளோதான். "வண்டி சரியில்ல"ன்னு எழுதாதீங்க. காலையில முதல் ஸ்டார்ட்ல ஆறு செகண்டு சுத்துது, ரெண்டு நிமிஷம் வெள்ளைப் புகை, டீசல் வாடை, லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைஞ்சிருக்கு, ஆயில் லெவல் ஏறியிருக்குன்னு நடந்ததை நடந்தபடி எழுதுங்க. வண்டிய முந்தின நாள் சாயந்திரமே விட்டுட்டு வந்துடுங்க, கோல்ட் ஸ்டார்ட்டை அவங்களே காலையில பாக்கட்டும். சூடா ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்துனா எந்த வண்டியும் நல்லப் பிள்ளையாத்தான் நடக்கும்.

கவுன்டர்ல ஜாப் ஷீட் போடும்போது பக்கத்துலயே நின்னு படிங்க. நீங்க சொன்ன புகார் அதுல இருக்கா, தேதி, கிலோமீட்டர் இருக்கா. "அண்ணே, இதையும் சேர்த்து எழுதுங்க"ன்னு சொல்ல வெக்கப்படவே வேணாம், அது உங்க உரிமை. வண்டிய எடுக்கும்போது என்ன டெஸ்ட் பண்ணாங்க, என்ன நம்பர் வந்துச்சு, லிமிட் என்னன்னு எழுதிக் கேளுங்க. கோளாறே இல்லைன்னு சொன்னாலும் அதையும் எழுதி வாங்குங்க. "ஓட்டிப் பாருங்க"ன்னா எத்தனை நாள் ஓட்டணும், அதுக்குள்ள வாரண்டி முடிஞ்சா இந்தப் புகாரை வாரண்டிக்குள்ள வந்ததா எடுத்துப்பீங்களான்னு ஈமெயில்லயே கேட்டுப் பதில் வாங்கிடுங்க. இந்த ஒரு ஈமெயில்தான் என்கிட்ட அன்னைக்கு இல்லாமப் போச்சு. ரெண்டாவது லாரிக்கு இதையேதான் பண்ணுனேன், வாரண்டி முடிஞ்சு பதினெட்டு நாள் கழிச்சு ஒரு இன்ஜெக்டர் மாத்திக் குடுத்தாங்க, ஒரு காசு வாங்கலை.

கெட்ட டீசல்னு சொல்லித் தட்டிக் கழிச்சா அப்பதான் அந்த ரசீது கவர். எந்த பம்ப்ல எப்ப அடிச்சதுன்னு எல்லாத்தையும் காட்டுங்க, டேங்க்லேர்ந்து எடுத்த டீசல் சாம்பிளை உங்க கண்ணு முன்னாடி ரெண்டு பாட்டில்ல எடுத்து ஒண்ணு உங்களுக்குத் தரச் சொல்லுங்க, கழட்டுன ஃபில்டரையும் பாக்கணும்னு கேளுங்க. யார்கிட்டயோ விலை குறைவாக் கிடைக்குதுன்னு டிரம்ல டீசல் வாங்கி அடிச்சிருந்தா இந்த இடத்துல நம்ம வாயே திறக்க முடியாது, அதனால அதை ஆரம்பத்துலேர்ந்தே பண்ணாதீங்க.

ஒத்துக்கிட்டு மாத்துறாங்கன்னா ஒண்ணு ரெண்டு விஷயம் கவனிக்கணும். புது இன்ஜெக்டர் மேல ஒரு குறியீடு பொறிச்சிருக்கும், க்யூஆர் மாதிரியோ, எழுத்தும் நம்பரும் கலந்தோ. அந்த இன்ஜெக்டர் எவ்ளோ அடிக்கும்னு ஃபேக்டரில அளந்து வச்ச கணக்கு அது, அதைக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், ஏத்தலன்னா புது இன்ஜெக்டர் போட்டும் வண்டி நடுங்கும். ஏத்தியாச்சான்னு கேளுங்க. காப்பர் வாஷர் புதுசுதான் போடணும், பழசைத் திரும்பப் போடக் கூடாது. ஹை பிரஷர் பைப்பையும் மாத்தணும்னு நிறைய கம்பெனி மேனுவல்ல இருக்கு, உங்க வண்டிக்கு என்னன்னு கேளுங்க. ஆயில்ல டீசல் கலந்திருந்தா ஆயிலும் ஆயில் ஃபில்டரும் அதே நாள் மாத்தணும், அதையும் கிளைம்ல சேர்க்கச் சொல்லுங்க. ஒண்ணை மட்டும் மாத்துறதா நாலையும் மாத்துறதான்னா, வாரண்டியில அவங்க கெட்டுப் போனதை மட்டும்தான் மாத்துவாங்க, அது நியாயம்தான், ஆனா மீதி மூணோட ரிட்டர்ன் அளவையும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. கைக்காசு போட்டு மாத்துறதா இருந்தா, லிமிட்டுக்குப் பக்கத்துல நிக்குறதையும் சேர்த்து மாத்திடறது நல்லதுன்னு நான் நெனைக்கிறேன், லேபர் காசு ஒரு தடவையோட முடியும்.

வண்டி கையில வந்ததும் முதல் ஒரு வாரம் காலையில கேபினைச் சாய்ச்சு மாத்துன இடத்தைச் சுத்தி ஈரம் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, என்ஜின் ஆஃப்ல இருக்கும்போது மட்டும். டிப்ஸ்டிக்ல ஆயில் எங்க நிக்குதுன்னு மார்க்கர்ல ஒரு கோடு போட்டு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, 500 கிலோமீட்டர் ஓடுனதும் திரும்ப எடுத்துப் பாருங்க, அதே கோட்டுலயே நின்னுச்சுன்னா வேலை சரியா நடந்திருக்கு.